ஒத்தைக் கன்னக் குரங்கும் மரங்கொத்தி டாக்டரம்மாவும்

ஒரு காட்டுல ஒரு குரங்கு இருந்துச்சு. அழகான குரங்கு, அறிவான குரங்குன்னு ஆரம்பிக்கலாம்னுதான் பாத்தேன். ஆனா அந்தக் குரங்கு நாந்தான், என்னையத் தெரிஞ்சவங்க கேட்டா சிரிப்பாங்க. அதனால உள்ளதச் சொல்றேன். பேரு கொண்டையப்பன். படிப்பு ரெண்டாங்கிளாசு, அதையும் ரெண்டு தடவ படிச்சேன். வேலை, மரத்துக்கு மரம் தாவுறது. மிச்ச நேரம் பூரா பேச்சு.

எங்க கூட்டத்துக்குக் கன்னத்துல ரெண்டு பக்கமும் பை உண்டு. பொறக்கும்போதே கடவுள் தச்சுக் குடுத்து விட்டது. கெடைச்ச பழத்த அதுல அடைச்சுக்கிட்டு ஓடி, ஒரு கிளையில சாவகாசமா உக்காந்து திங்கத்தான் அந்தப் பை. நான் என்ன பண்ணேன், இடது பையில பாக்கு, சுண்ணாம்பு, பொகையிலை மூணையும் ஒண்ணா உருட்டி அடைச்சேன். காலையில வச்சா பொழுது சாயத்தான் துப்புவேன். இப்படி இருபது வருசம். பழத்துக்கு வலது, பொகையிலைக்கு இடது. "எல்லாம் அதது எடத்துல இருக்கணும்டா"ன்னு மத்த குரங்குகளுக்கு யோசனை வேற சொல்லுவேன்.

பொறவு இடது பையில ஒரு புண்ணு வந்துச்சு. ஆறவே இல்ல. மலை மேல இருக்குற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்க டாக்டர் கனகவல்லின்னு ஒரு மரங்கொத்தி. பொன்னு மாதிரி முதுகு, செவப்புக் கொண்டை. பட்டமரத்துக்குள்ள புழு எங்க ஒளிஞ்சிருக்குன்னு வெளியில இருந்தே தட்டிக் கண்டுபிடிக்கிற பரம்பரை.

"எத்தனை நாளா இருக்கு?"ன்னு கேட்டாங்க.

வெள்ளந்தியா, "மூணு மாசமா இருக்குங்கம்மா"ன்னேன்.

டொக்கு டொக்குன்னு ரெண்டு தட்டு. "கேன்சர். எடுத்துறலாம்"னாங்க. எடுத்துட்டாங்க. பையோட சேத்துப் பாதிக் கன்னத்தையும்.

பள்ளிக்கூடத்துல படிச்சது ஒண்ணும் எனக்கு நிக்கல. அன்னைக்குப் படிச்ச பாடம் மட்டும் நின்னுருச்சு. ஒரு தடவ டாக்டர்கிட்ட உண்மையச் சொன்னேன், பாதிக் கன்னம் போச்சு. இன்னொரு தடவ சொல்வேனா?

ஆபரேசன் முடிஞ்சு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ போயி காட்டணும்னு சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கெழம கெளம்புனா செவ்வாக்கெழம காலையில போயிச் சேரலாம். நடுவுல ஆறு. ஆத்துல மொதல. அது நம்மளப் பாத்து "என்ன கொண்டையப்பா, ஒரு பக்கம் எளைச்சிருக்க?"ன்னு விசாரிக்கும். அக்கறையில இல்ல, எந்தப் பக்கம் கறி ஜாஸ்தின்னு தெரிஞ்சுக்க.

ஆஸ்பத்திரி போயி டோக்கன் வாங்கி வரிசையில நின்னா, எனக்கு முன்னாடி எப்பவும் ஒரு யானை நிக்கும். யானைக்குப் பின்னாடி வரிசையில நின்னிருக்கீங்களா? வரிசை நகருதா இல்லையான்னு ஒண்ணும் தெரியாது. உலகமே சாம்பக் கலரா இருக்கும். அது சும்மா ஒரு அடி பின்னால வச்சா, நம்ம புது வியாதிக்குத் தனி டோக்கன் போடணும்.

அப்படிப் போயி உள்ள நொழைஞ்சா, என் பேச்சு இவ்வளவுதான்.

"எப்படி இருக்கீங்க கொண்டையப்பன்?"

"நல்லா இருக்கேங்கம்மா."

"வலி இருக்கா?"

"வலின்னா என்னங்கம்மா?"

டாக்டரம்மா என் பதிலக் காதுலயே போட்டுக்க மாட்டாங்க. தாடை, கழுத்து, காதுக்குக் கீழன்னு மூக்கால டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டே போவாங்க. அவங்க கேள்வி கேக்குறது என்கிட்ட இல்ல, என் கழுத்துகிட்ட. கழுத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. பாவம், அது பள்ளிக்கூடமே போகல.

ஒரு வருசம் இப்படியே ஓடுச்சு. ஒருநா மைனா சிஸ்டர் ஜெசிந்தா என் சீட்டுல என்னமோ எழுதிட்டு, "நீங்க ரொம்ப தூரத்துல இருந்து வர்றீங்க. இனிமே ஒரு தடவ விட்டு ஒரு தடவ வீடியோ கால்லயே பாத்துக்கலாம். போன் இருக்கா?"ன்னு கேட்டுச்சு.

"எங்க பக்கத்துல ஒரு கரடிகிட்ட இருக்கு சிஸ்டர்."

"சரி. ஒண்ணு மட்டும் நல்லா கேட்டுக்கங்க. பேசி முடிச்சதும் நாங்களா கட் பண்ண மாட்டோம். முக்காவாசிப் பேருக்குக் கேக்க வேண்டியது கடைசியிலதான் ஞாபகம் வருது. நீங்க கட் பண்ணாத்தான் கட். வெளங்குச்சா?"

நல்லாத் தலைய ஆட்டுனேன். காதுல ஒண்ணும் ஏறல. என் மண்டைக்குள்ள ஒரே ஒரு நெனப்புதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. போனுக்கு மூக்கு கெடையாது.

மொதல் வீடியோ கால் வர்றதுக்கு மூணு வாரம் முன்னாடி, கன்னத்தச் சொறியப் போன கை, தாடைக்குக் கீழ நின்னுருச்சு. இடது பக்கம். உள்ள ஒரு வேர்க்கடலை. கடலைய நான் முழுங்குனாலும் அது அங்க போயி நிக்காது, அந்த அளவுக்கு எனக்கும் விவரம் இருக்கு. அமுக்குனா நகரல. மறுநாளும் இருந்துச்சு. அதுக்கு மறுநாள் நான் தொட்டுப் பாக்கல, தொடலைன்னா இல்லைன்னு வச்சுக்கலாமேன்னு. தண்ணி குடிக்கும்போது அதுவாத் தொட்டுக்கிச்சு.

என் பொண்டாட்டி ஒச்சம்மாகிட்ட சொல்லல. அவ பயப்படுவான்னு இல்ல. கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு மலையேறிருவா. அதனால கழுத்துல ஒரு துண்டச் சுத்திக்கிட்டேன். "என்னய்யா, எலக்சன்ல நிக்கிறியா?"ன்னு கேட்டா. "பனி"ன்னேன். சித்திரை மாசம்.

கால் வர்ற நாளும் வந்துச்சு. கரடி மச்சான் பேரு மொட்டையாண்டி, உடம்பு பூரா முடி. அந்தப் போன் அவனுக்கு ஒரு டூரிஸ்ட் பைக்குள்ள இருந்து கெடைச்சது. பை எப்படிக் கெடைச்சதுன்னு நானும் கேக்கல, அவனும் சொல்லல. எங்க பக்கத்துல இலவ மரத்து உச்சியில மட்டுந்தான் நெட்டு கெடைக்கும். மச்சான் மேல ஏறி வந்து போனக் கொடியால கிளையில கட்டிக் குடுத்துட்டு, "கீழ போட்டுறாத மாப்ள, உனக்கு ஒரு கன்னந்தான் மிச்சம்"னு சொல்லிட்டு எறங்கிட்டான்.

வீடியோ காலுன்னதும் சொந்தபந்தம் பூரா வந்துருச்சு. பின்னாடி மூணு வரிசை. சின்னதுக மடியில, பெருசுக கிளையில. எல்லாரும் தலையத் தண்ணி வச்சு வாரியிருக்குறாங்க. டாக்டரம்மா மொகம் போன்ல வந்துச்சு. கொஞ்ச நேரம் எங்களையே பாத்தாங்க.

"இதுல யாரு பேஷண்ட்?"

"நாந்தாங்கம்மா. முன்வரிசையில துண்டு போட்டவன்."

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேங்கம்மா. நீங்க சாப்டீங்களா? உங்க வீட்ல எல்லாம் சொகமா? மலையில மழை உண்டா?"

"வலி பத்துக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க."

பத்துக்கு நான் என்னைக்கும் ரெண்டுக்கு மேல வாங்குனதில்ல. பழக்கத்துல "ரெண்டு"ன்னேன். பொறவு அதுவே ஜாஸ்தியோன்னு, "முட்டைன்னே போட்டுக்கங்கம்மா. அதுவும் வாங்கியிருக்கேன்"ன்னேன்.

"பாக்கு, பொகையிலை?"

"அந்தப் பேரையே மறந்துட்டேங்கம்மா."

அப்போ என் வலது பையில ஒரு உருண்டை இருந்துச்சு. சின்னதுதான். கடலை வந்த பயத்துல மறுபடி ஆரம்பிச்சேன். பாக்கால வந்த பயத்துக்குப் பாக்கையே மருந்தாப் போட்ட ஒரே சீவன் இந்தக் காட்டுல நாந்தான். வாயத் தெறக்கச் சொன்னாங்க. தெறந்தேன். பை இருக்குறது எதுக்கு, ஒளிச்சு வைக்கத்தான.

"தாடைக்குக் கீழ விரல வச்சு அமுக்கிப் பாருங்க. ஏதாச்சும் கட்டி தட்டுப்படுதா?"

துண்டுக்குள்ள கைய விட்டேன். கடலைக்கு ஒரு வெரக்கடை மேல அமுக்குனேன், ஒரு வெரக்கடை கீழ அமுக்குனேன். எங்க வைக்கக் கூடாதுன்னு வெரலுக்குத் தெரியுது. "ஒண்ணும் இல்லீங்கம்மா. வழுவழுன்னு இருக்கு."

"அந்தத் துண்டக் கொஞ்சம் எடுங்க."

இத நான் எதிர்பாக்கல. எனக்குச் சட்டுன்னு ஒரு யோசனை வந்துச்சு. எனக்கு யோசனை வந்தாலே ஒச்சம்மா குட்டிகளத் தூக்கிட்டுத் தள்ளிப் போயிருவா, அந்த மாதிரி யோசனை. அப்படியே அசையாம நின்னுட்டேன். வாய் பாதி தெறந்தபடி, கண்ணு கூடச் சிமிட்டல. நெட்டு போயிருச்சாம்.

"கொண்டையப்பன்? கேக்குதா?"

நான் செலை. மூக்கு மேல ஒரு எறும்பு ஏறுச்சு. அதையும் தாங்குனேன். டாக்டரம்மா தலையச் சாச்சு அந்தப் பக்கம் ஒரு தடவ, இந்தப் பக்கம் ஒரு தடவ பாத்தாங்க. கொஞ்ச நேரம் பொறுத்து, "சரி, இன்னைக்கு இது போதும்"னாங்க.

எனக்கு உசுரு வந்துச்சு. "ஆங், இப்பக் கேக்குதுங்கம்மா, வந்துருச்சு. ரொம்ப நன்றிங்கம்மா"ன்னு ரெண்டு கையாலயும் கும்பிட்டேன். பின்னாடி மூணு வரிசையும் கும்பிட்டுச்சு.

இப்ப ஒரு விசயம் சொல்லணும். எங்க கூட்டத்துல பெரிய ஆளுக போன்ல பேசுனா, நம்மளா மொதல்ல கட் பண்ண மாட்டோம். அது மூஞ்சி மேல கதவச் சாத்துற மாதிரி. அவங்க கட் பண்ணுற வரைக்கும் போனத் திருப்பி வச்சுட்டு மரியாதையா ஒதுங்கிக்குவோம். அதே மாதிரி நானும் போனை மரத்தப் பாத்தாப்புல திருப்பி விட்டேன். சிஸ்டர் சொன்னது காதுல ஏறலைன்னு சொன்னேன்ல. டாக்டரம்மா கட் பண்ணிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.

சொந்தபந்தம் கலைஞ்சு போச்சு. ஒச்சம்மா மட்டும் நின்னா.

"நெட்டு நின்னுச்சுன்னா அவங்கதான நிப்பாங்க. நீ எதுக்குய்யா நின்ன?"

"அது வேற மாதிரி நெட்டு."

"துண்ட எடு."

"பனிங்கிறேன்ல."

"வேத்து ஊத்துது. எடுய்யா."

அவளே உருவிட்டா. அவ கை நேராப் போயி அந்த எடத்துல நின்னுச்சு. என் வெரல் ஒரு வெரக்கடை தள்ளித் தள்ளிப் போன எடத்துக்கு, அவ வெரல் தேடாமயே போயிருச்சு.

"எப்ப இருந்து?"

"மூணு வாரம்."

"வலிக்குதா?"

"மொத வலிக்கல. இப்ப காது வரைக்கும் இழுக்குது. பத்துக்கு ஏழு இருக்கும்."

"வாயில என்ன?"

வலது பையில இருந்து உருண்டைய எடுத்து அவ கையில குடுத்தேன். மோந்து பாத்துட்டு வீசி எறிஞ்சா. கீழ இருந்து மொட்டையாண்டி, "யாருடா துப்புறது?"ன்னு கத்துனான்.

"அந்தம்மா மொகத்துக்கு நேராக் கேட்டாங்கள்ல. ஏன்யா சொல்லல?"

எனக்குப் பேச்சுக்குக் கொறைச்சலே இல்லைன்னு ஊரே சொல்லும். அன்னைக்கு மொதல் தடவையாத் தேடித் தேடிப் பேசுனேன். "அன்னைக்குச் சொன்னேன், கன்னத்த எடுத்தாங்க. இப்பச் சொன்னா எத எடுப்பாங்க? பக்கத்துல இருக்குறது நாக்குதான். என்னைய விட நல்லாத் தாவுறவன் இருக்கான், மரம் ஏறுறவன் இருக்கான். எனக்கு இருக்குறது வாய் ஒண்ணுதான் ஒச்சம்மா. அதையும் எடுத்துட்டா நான் என்ன குரங்கு? பயமா இருக்கு."

அவ என் பக்கத்துல உக்காந்து, தலையில பேன் பாக்க ஆரம்பிச்சா. அழுகை வந்தா அவ அப்படித்தான் பண்ணுவா, மூஞ்சி தெரியாதுல்ல. "நீ பேசாம இருந்தா நான் கொஞ்ச நாள் நிம்மதியாத்தான் இருப்பேன்"னா. பொறவு, "கொஞ்ச நாள்தான்"னு சொன்னா.

அப்பதான் மரத்துல இருந்து சத்தம் வந்துச்சு.

டொக்கு. டொக்கு.

ரெண்டு பேரும் மரத்தப் பாத்தோம். மரத்துல ஒண்ணும் இல்ல. மரத்தப் பாத்துத் தொங்குன போன்ல இருந்து வந்துச்சு. திருப்புனேன். டாக்டரம்மா அப்படியே உக்காந்திருக்காங்க, மூக்கால கண்ணாடியத் தட்டிக்கிட்டு.

"நான் இன்னும் இருக்கேன் கொண்டையப்பன்."

"எப்ப இருந்துங்கம்மா கேக்குறீங்க?"

"ஒச்சம்மா துண்ட எடுன்னு சொன்னதுல இருந்து. அதுக்கு முன்னாடியும் கேட்டேன், அதெல்லாம் பொய்."

"நெட்டு கட்டாயிருச்சுன்னு நெனச்சிருப்பீங்கன்னு..."

"உங்களுக்குப் பின்னாடி எலை ஆடுச்சு. ஒரு பையன் மூணு தடவ தலையச் சொறிஞ்சான். உங்க மூக்கு மேல எறும்பு நடந்துச்சு. நீங்க ஒருத்தர்தான் நின்னுட்டீங்க. சரி, இந்த ஆளு நம்மகிட்டச் சொல்ல மாட்டாரு, வேற யார்கிட்டயாச்சும் சொல்லுவாருன்னு உக்காந்திருந்தேன்."

நான் மறுபடி செலையா நிக்கலாமான்னு யோசிச்சேன். ஒச்சம்மா மொறைச்சா.

"வியாழக்கெழமைக்குள்ள வந்துருங்க"ன்னாங்க டாக்டரம்மா. "மூணு வாரந்தான் ஆகுதுன்னா நல்லது. நாக்கப் பத்தி இப்பவே பயப்படாதீங்க. வந்ததும் ஊசி விட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்."

அன்னைக்கே கெளம்பிட்டோம். ஆத்துல மொதல, "என்ன கொண்டையப்பா"ன்னு ஆரம்பிச்சுச்சு. ஒச்சம்மா ஒரு பார்வை பாத்தா. அது தண்ணிக்குள்ள போயிருச்சு. ஆஸ்பத்திரியில ஊசி விட்டுத் துளி சதைய எடுத்துப் பாத்தாங்க. வந்தது அதே வியாதிதான். ஆனா அந்த ஒரு முடிச்சோட நிக்குது, வேற எங்கயும் எறங்கலைன்னாங்க. இன்னும் ரெண்டு மாசம் துண்டு போட்டுச் சுத்தியிருந்தா கணக்கு வேறயாகியிருக்குமாம். கழுத்தக் கீறி எடுத்தாங்க. பொறவு முப்பது நாள் கரண்டு வச்சாங்க, ரேடியேசனாம். வாய் காஞ்சு, சோறு எறங்காம, ஒரு மாசம் நான் ஊமை. காட்டுல அத ஒரு திருவிழா மாதிரி கொண்டாடுனதாக் கேள்வி.

நாக்கு தப்பிச்சுருச்சு. அதான் இவ்வளவு நேரம் உங்களப் படுத்திக்கிட்டு இருக்கேன்.

இப்ப நீங்க நெனப்பீங்க, கொண்டையப்பன் திருந்திருப்பான்னு. பாக்கை விட்டுட்டேன், அது நெசம், ஒச்சம்மா ரெண்டு நாளைக்கு ஒரு தடவ பைக்குள்ள கைய விட்டுப் பாக்குறா. ஆனா டாக்டர் மூஞ்சியப் பாத்தா எனக்கு வாய் தானா "நல்லா இருக்கேங்கம்மா"ன்னுதான் சொல்லுது. என்ன பண்ண? கட்டிய எடுத்தாங்க, கொணத்த எடுக்கலையே.

அதனால நாங்க மூணு பேரும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்துட்டோம். யாரும் வாயத் தெறந்து பேசி முடிவு பண்ணல, அதுவா அமைஞ்சுருச்சு. கால் வரும். டாக்டரம்மா கேப்பாங்க, நான் வலி முட்டைம்பேன், சாப்டீங்களாம்பேன். "சரி, முடிஞ்சுது"ம்பாங்க. கும்பிட்டுட்டு, போனை மரத்தப் பாத்துத் திருப்பி வைப்பேன். பொறவு ஒச்சம்மா பக்கத்துல உக்காந்து, ராத்திரி தூக்கம் வரலைங்கிறதுல இருந்து, வாய் காஞ்சு கெடக்குறது, மருந்து ஒரு வேளை மறந்தது வரைக்கும் ஒண்ணு விடாமச் சொல்லுவேன். கொஞ்சம் சத்தமாவே சொல்லுவேன். சில சமயம் ஒச்சம்மா, "மரத்துக்குக் கேக்கல, இன்னும் சத்தமாச் சொல்லு"ம்பா. எல்லாம் முடிஞ்சதும் போனுக்குள்ள இருந்து டொக்கு டொக்குன்னு ரெண்டு தட்டு வரும். எழுதிக்கிட்டாங்கன்னு அர்த்தம். பொறவு கட் பண்ணுவேன்.

இது வெளிய தெரிஞ்சு, இப்பக் காடு பூரா இதுதான் நடைமுறை. மயிலு தோகைய விரிச்சு டாக்டருக்கு ஒரு ஆட்டம் காட்டிட்டு, போனத் திருப்பி வச்சுட்டுத்தான் இருமுது. எனக்கு முன்னாடி நிக்கிற யானைக்கு வீட்ல யாரும் இல்ல. அது போனை மரத்தப் பாத்து வச்சுட்டு, மரத்துகிட்டயே தன் வயித்துவலியச் சொல்லுது. நாலு மைல் தள்ளி எனக்கே கேக்குது. ஆஸ்பத்திரி பாரத்துலயும் கடைசியில புதுசா ஒரு வரி போட்டுட்டாங்க: பொய் சொல்லி முடித்தவுடன் போனைத் திருப்பி வைக்கவும்.

நீதி: டாக்டர்கிட்ட எவ்வளவு பொய் வேணும்னாலும் சொல்லுங்க, சொல்லி முடிச்சதும் போனை மட்டும் மறந்தும் கட் பண்ணிறாதீங்க.